பிறப்புச் சான்றும் புதைகுழியும்: பிரசாவுரிமைச் சட்டவாக்கமும் ஊவாத் தோட்டப்புற எழுத்தும்

1

சட்டமன்றங்களில் நியாயம் பற்றி எழும் கட்சிப் பூசல்கள் பெரும்பாலும் நடைமுறை பற்றிய பூசல்களாகவே அமைந்துவிடுகின்றன. மசோதா போதிய முன்னறிவித்தலுடன் சமர்ப்பிக்கப்பட்டதா, எதிர்க்கட்சியினர்க்குப் பேசப் போதிய நேரம் அளிக்கப்பட்டதா, குழுநிலைத் திருத்தங்கள் முறைப்படி எடுத்துக்கொள்ளப்பட்டனவா, இரு தரப்பினரும் நாட்டின் நலன் கருதி ஒத்துழைத்தனரா என்னும் வினாக்களே முன்னிற்கும். இவை புறக்கணிக்கத்தக்க வினாக்கள் அல்ல. ஆயினும் இவை யாவற்றுக்கும் அடியில் ஓர் எடுகோள் உண்டு. சட்டத்தினாற் பாதிக்கப்படுவோர் சார்பிற் பேசுவோர் சபையினுள்ளே இருக்கின்றனர், இன்று தோற்பினும் நாளை வாக்காளரிடம் சென்று முறையிட்டு அவர்கள் வெல்லக்கூடும் என்பதே அவ்வெடுகோள். சட்டவாக்கமே அவ்வாக்காளரை நீக்கும் கருவியாக அமையும்போது நடைமுறை நியாயம் என்ன பொருளைப் பெறும்?

இவ்வினா இலங்கையின் பாராளுமன்ற வரலாற்றில் 1948, 1949 ஆகிய ஆண்டுகளில் மிகக் கூர்மையாக எழுந்தது. அவ்வாண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களை வரலாற்றாசிரியரும் அரசியல் விஞ்ஞானிகளும் சட்ட அறிஞரும் பலபட ஆராய்ந்துள்ளனர். மலையக இலக்கிய விமரிசனமோ அச்சட்டங்களைப் பகைப்புலமாக மாத்திரமே குறிப்பிட்டுச் செல்கின்றது. ‘நாடற்ற மக்களின் துயரம்’ என்னும் தொடர் நமது விமரிசனக் கட்டுரைகளில் மிகப் பழகிவிட்டது. அத்துயரத்தை எழுத்தாளர் எவ்வாறு எதிர்கொண்டனர், சட்டம் எழுப்பிய வினாவுக்கு இலக்கியம் எவ்வகையில் விடையளித்தது, அவ்விடையின் வலிமையும் வரையறையும் யாவை என்பன போதிய அளவு கவனிக்கப்படவில்லை. ஊவா மாகாணத்தின் பதுளைப் பகுதியைச் சிறப்பாக மனங்கொண்டு இவ்விடயத்தை நோக்குவதே நமது கருத்து.

2

ஊவாவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1817–18ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் ஒடுக்கியபோது பேரழிவுக்குள்ளான பிரதேசம் இது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின்னர் கண்டிய விவசாயியின் பொது நிலங்களும் சேனை நிலங்களும் முடிக்குரியனவாக்கப்பட்டு, பின்னர் முதலில் கோப்பிக்கும் அடுத்துத் தேயிலைக்கும் கைமாறின. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நிலமிழந்து பஞ்சத்தில் வாடிய மக்கள் கங்காணி முறைமூலம் கொண்டுவரப்பட்டு இம்மலைகளிற் குடியேற்றப்பட்டனர். 1924இல் புகையிரதப் பாதை பதுளைவரை நீண்டது. அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை, ஹாலிஎல, பசறை, லுணுகலை, மடுல்சீமை என மலைத்தொடர் முழுவதும் தேயிலையும், தேயிலைக்கிடையே லயங்களும் நிலைபெற்றன. நிலத்தை இழந்த சிங்கள விவசாயியும் நிலமே அற்ற தமிழ்த் தொழிலாளியும் ஒரே மூலதனத்தின் இரு விளைவுகளாக அருகருகே வாழ்ந்தனர். இவ்விருவரிடையேயும் உறவு ஏற்படாதவாறு தோட்டத்தின் எல்லை காக்கப்பட்டது. கிராமம் ஒரு நிர்வாகத்தின் கீழும் தோட்டம் துரையின் கீழும் இருந்தன.

இந்தப் பிரிப்பு சட்டவாக்கத்திலும் பிரதிபலித்தது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையை வழங்கியபோது தோட்டத் தொழிலாளர்க்கு அது நிபந்தனைகளுடனேயே கிட்டியது. 1930களின் பிற்பகுதியிற் கிராமசபைச் சட்டம் திருத்தப்பட்டபோது இந்தியத் தொழிலாளரைப் பெயர்சுட்டி விலக்கிய வாசகம் முதலில் முன்வைக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் தோட்டத்தில் வதியும் தொழிலாளர் என்ற பொதுவான வாசகமாக அது மாற்றப்பட்டது. சொற்கள் பொதுமையடைந்தன, விளைவு மாறவில்லை. பின்வந்த பெருஞ்சட்டங்களின் உரைநடைப் பண்பை இச்சிறு நிகழ்ச்சியிலேயே நாம் காண்கின்றோம்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், தெரிவு செய்யப்படவேண்டிய 95 ஆசனங்களுள் ஐக்கிய தேசியக் கட்சி 42ஐ மட்டுமே பெற்றது. இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் மலையகத் தொகுதிகளிலிருந்து எழுவர் பாராளுமன்றம் சென்றனர். நுவரெலியாவில் எஸ். தொண்டமானும், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும், பதுளையில் எஸ். எம். சுப்பையாவும் அவர்களுட் சிலர். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்க்குத் துணைநின்றன. புதிய அரசின் ஆட்சியாளர்க்கு இத்தேர்தல் முடிவு உணர்த்திய செய்தி தெளிவானது. இனத்தால் தமிழராகவும் வர்க்கத்தால் தொழிலாளராகவும் இருந்த ஒரு மக்கட்கூட்டம் சபையின் சமநிலையை மாற்றவல்லதாய் எழுந்திருந்தது.

இதனை அடுத்து மூன்று சட்டங்கள் வந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தமை மட்டும் போதாது எனக் கூறியது. தந்தையோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும் என்றது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர் இடையறாது வதிந்தமையை எண்பிக்குமாறு கோரியது; விண்ணப்பிக்க இரண்டாண்டுக் கால எல்லை விதித்தது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் பிரசைகள் அல்லாதோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வெழுவரது கட்சியிலிருந்து ஒருவரேனும் பாராளுமன்றம் செல்ல இயலவில்லை.

இவ்விடத்தில் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. தொகுதிகளின் எல்லையை வகுப்பதற்குக் குடித்தொகை ஓர் அடிப்படையாக இருந்தது. ஆகவே ஆசனக் கணக்கிற்குத் தோட்டத் தொழிலாளியின் தலை எண்ணப்பட்டது. வாக்குக் கணக்கில் அது எண்ணப்படவில்லை. பதுளை மாவட்டத்தின் ஆசனங்களுக்கு லயங்களில் வாழ்ந்தோர் எண்ணிக்கையாக உதவினர். அவ்வாசனங்களில் அமர்ந்தோரை அவர்கள் தெரியவுமில்லை, அவர்களுக்கு அவர் பதில் கூற வேண்டியிருக்கவுமில்லை. பேராசை கொண்ட தனிமனிதர் செய்த சூழ்ச்சியாக மட்டும் இதனைக் கொள்ளின் அதன் சமூக அடிப்படையைத் தவறவிடுவோம். உழைப்பைப் பெற்றுக்கொண்டு உரிமையை மறுக்கும் பெருந்தோட்ட உற்பத்தி உறவே இங்கு பிரதிநிதித்துவ உறவாக மறுபிறவி எடுத்தது.

3

மேற்கூறிய சட்டங்கள் வாசிப்பு, விவாதம், குழுநிலை, வாக்கெடுப்பு என்னும் படிகள் யாவற்றையும் கடந்தே நிறைவேறின. சபையில் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன, அவை பதிவுசெய்யவும்பட்டன. அக்குரல்களை மூவகையாக வகுத்து நோக்கலாம்.

அரசாங்கத் தரப்பின் வாதம், சுதந்திர நாடொன்று தன் பிரசைகள் யாவர் எனத் தானே வரையறுத்தல் நியாயமானது என்பதாகும். கண்டிய விவசாயியின் துயரம் இவ்வாதத்துக்குத் துணையாக அழைக்கப்பட்டது. அத்துயரம் கற்பனையன்று, கண்டிய விவசாயிகள் ஆணைக்குழுவின் 1951ஆம் ஆண்டு அறிக்கை அதற்குச் சான்று. ஆனால் நிலத்தைப் பறித்தது தோட்ட முதலாளித்துவமே. நிலம் தோட்டக் கம்பனிகளிடமே இருக்க, வாக்கு மட்டும் தொழிலாளியிடமிருந்து பறிக்கப்பட்டது. இதனால் ஊவாவின் கிராமத்து விவசாயிக்கு ஓர் ஏக்கர் நிலமும் திரும்பிவரவில்லை.

இடதுசாரிகளின் வாதம் வர்க்க அடிப்படையில் அமைந்தது. தொழிலாளர் ஒருவரை ஒருவர் பிறப்பிடம் கொண்டு பிரித்தறியும் நிலை தோன்றுவது ஆளும் வர்க்கத்துக்கே நலம் பயக்கும் என அவர்கள் கூறினர். என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பீற்றர் கெனமன் முதலியோர் அன்று எடுத்த நிலைப்பாடு இலங்கை இடதுசாரி இயக்கத்தின் வரலாற்றில் மதிப்புக்குரிய ஒரு பகுதியாகும்.

மூன்றாவது, வடக்குத் தமிழ்த் தலைமையினுள் எழுந்த பிளவு. 1948 ஆகஸ்டில் பிரசாவுரிமை மசோதாவை எதிர்த்த ஜி. ஜி. பொன்னம்பலம் சில வாரங்களில் அமைச்சரானார். அடுத்த மசோதாவை ஆதரித்தார். அரசு இணங்கிவரும் அளவுக்குத் தாமும் இணங்கி ஒத்துழைத்தல் என்னும் பொருள்பட அவர் தமது கொள்கையை விளக்கினார். எஸ். ஜே. வி. செல்வநாயகமும் அவரைச் சார்ந்தோரும் இதனை ஏற்காது வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை அமைத்தனர். ‘ஒத்துழைப்பு’ என்னும் நற்சொல் இலங்கைத் தமிழ் அரசியலில் ஐயத்துக்குரியதாக மாறியது இக்காலத்திலேயாகும். யாருடைய செலவில் ஒத்துழைப்பு என்ற வினா அன்றே எழுந்துவிட்டது. அச்செலவைக் கொடுத்தோர் மலையகத் தொழிலாளர். ஒத்துழைத்தோரும் ஒத்துழைக்க மறுத்தோரும் அவர்கள் சார்பாக முடிவெடுத்தனரேயன்றி அவர்களோடு முடிவெடுக்கவில்லை.

வழக்கு நீதிமன்றத்துக்கும் சென்றது. எந்தச் சமூகத்தினர்க்கும் பிறர்க்கில்லாத தடைகளை விதிக்கலாகாது எனக் கூறிய சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு துணைக்கழைக்கப்பட்டது. 1953இல் கோடாக்கன்பிள்ளை வழக்கில் இங்கிலாந்தின் கோமறைக் கழகம் சட்டங்கள் செல்லுபடியானவை எனத் தீர்ப்பளித்தது. தன் பிரசைகளை வரையறுத்தல் ஒரு சட்டமன்றத்துக்கு இயல்பான அதிகாரம் என அது கருதியது. சட்டத்தின் வாசகத்தில் எந்த இனத்தின் பெயரும் விலக்கிக் கூறப்படவில்லை. தந்தை எங்கே பிறந்தார் என்ற வினா எல்லோர்க்கும் பொதுவான வினாவே. ஆயின் ஊவாவின் கிராமத்தவரிடம் அவ்வினாவை எவரும் சென்று கேட்கவில்லை; லயத்தில் வாழ்ந்தோரிடமே அது கேட்கப்பட்டது. பொதுமொழியில் எழுதப்பட்டுக் குறிப்பிட்ட ஒரு வர்க்கத்தின்மீது மாத்திரம் செயற்படும் இம்மொழிநடை இலக்கிய மாணவரின் கவனத்துக்கும் உரியது.

4

சட்டம் எழுப்பிய இவ்வினாவுக்கு இலக்கியம் கூறிய விடையை இனி நோக்கலாம்.

முதலிற் குறிப்பிடத்தக்கவர் சி. வி. வேலுப்பிள்ளை. ஊவாவைச் சேர்ந்தவரல்லரெனினும் பதுளை உறுப்பினரோடு அதே சபையில் அமர்ந்து, அதே சட்டங்களை எதிர்த்து, 1952இல் அவரோடு வெளியேற்றப்பட்டவர். ஆதலின் அவரை விடுத்து இவ்விடயம் முழுமை பெறாது. ஆங்கிலத்தில் அவர் எழுதிய நெடுங்கவிதை சக்தீ அ. பால ஐயாவால் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கம் பெற்றது. காட்டை அழித்து மலையைத் திருத்தி மடிந்த முன்னோர் தேயிலைத் தூரின் அடியில் நினைவுச் சின்னம் ஏதுமின்றி உறங்குகின்றனர் என்பதே அக்கவிதையின் மையப் படிமம். இப்படிமத்தை இரங்கற்பாவின் மரபிலே வைத்துப் பாராட்டுவதே வழக்கம். அதனைச் சட்டத்தின் அருகில் வைத்து வாசிப்போமாயின் வேறொரு பொருள் புலப்படும். சட்டம் தந்தையின் பிறப்பிடத்தைக் கேட்டது. கவிதை தந்தையின் புதைகுழியைக் காட்டியது. பிறப்புப் பதிவு எவரிடமும் இல்லாதிருக்கலாம். புதைத்த இடமோ தேயிலையாய்த் தளிர்த்து, கொழுந்தாய்க் கிள்ளப்பட்டு, கொழும்புத் துறைமுகத்தினூடாக ஏற்றுமதியாகிறது. சபையில் வாக்கெடுப்பில் தோற்ற வாதத்தைக் கவிஞர் வேறொரு மன்றில் மீண்டும் எடுத்துரைத்தார் எனலாம்.

அடுத்து நோக்கவேண்டியது கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’. அந்நாவலின் ஆசிரியை, பதுளைத் தொகுதியின் உறுப்பினராக விளங்கிய எஸ். எம். சுப்பையாவின் துணைவியார். தொகுதியையும் வாக்காளரையும் சட்டம் பறித்துக்கொண்ட ஒரு குடும்பத்திலிருந்து 1964இல் வெளிவந்த நாவல் அது. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்துசேரும் வள்ளி என்ற பெண்ணின் வாழ்வை மையமாகக்கொண்டு, கங்காணியின் ஆசைவார்த்தை, பயணத்தின் அவலம், தோட்டத்தின் கடுமை, பெண் தொழிலாளி சுமக்கும் இரட்டைச் சுமை என்பவற்றை அது சித்திரிக்கிறது. தூரத்தில் தெரிந்த பச்சை அருகே சென்றபோது பொய்யாயிற்று என்பதே தலைப்பின் கருத்து.

சட்டவாக்கத்தை இத்துணை அருகிலிருந்து கண்ட ஓர் ஆசிரியை நாவலின் மையத்தை அதற்கு முற்பட்ட குடிபெயர்விலும் கங்காணி முறையிலும் அமைத்தது ஏன்? அரசியலைத் தவிர்த்தார் என எளிதிற் கூறிவிடலாம். அது பொருந்தாது என்பது நமது கருத்து. 1949ஆம் ஆண்டுச் சட்டம் இடையறாத வதிவுக்குச் சான்று கேட்டது. ஒரு தடவை பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இந்தியாவில் தங்கியிருந்தாலும் வதிவு அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. செக்றோலில் பெயர் உண்டா, பிறப்பத்தாட்சி உண்டா என அதிகாரிகள் வினவினர். அத்தகைய சூழலில், ஒரு பெண்ணின் வரவையும் உழைப்பையும் தொடர்ச்சியாக எடுத்துரைப்பதே ஒரு சான்றளிப்பாகும். அலுவலகக் கோப்பில் இடம்பெறாத வதிவை நாவல் பதிவுசெய்தது. மேலும், சட்டம் தந்தைவழியையே கருத்திற் கொண்டது. தாயின் பிறப்பிடம் பிரசாவுரிமைக்கு உதவவில்லை. நாவலோ தாய்வழியே தோட்டத்தின் வரலாற்றைச் சொன்னது. இவ்வேறுபாடு ஆசிரியை திட்டமிட்டுச் செய்ததாயினும் அன்றாயினும் பொருள் செறிந்தது.

மூன்றாவதாகத் தெளிவத்தை ஜோசப். பதுளைப் பகுதித் தோட்டத்திற் பிறந்து, அங்கேயே தோட்ட அலுவலகப் பணியும் செய்து, தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே புனைபெயரின் பகுதியாக்கிக்கொண்டவர், 2022இல் மறைந்தார். ‘காலங்கள் சாவதில்லை’ நாவல் 1974இலும் ‘நாமிருக்கும் நாடே’ சிறுகதைத் தொகுதி 1979இலும் வெளிவந்தன. லயத்து ஒற்றையறையின் நெருக்கடியைக் கூறும் ‘மீன்கள்’ போன்ற கதைகளில் அவரது யதார்த்தம் உரத்த குரலின்றியே செயற்படுகிறது. இத்தகைய எழுத்தில் பாராளுமன்றமோ அமைச்சரோ தோன்ற வேண்டியதில்லை. அதிகாரம் துரையாக, கணக்கப்பிள்ளையாக, கங்காணியாக, தொழிற்சங்கத் தலைவராக, ஒரு காம்பராவை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவாகவே வந்து நிற்கிறது. இது வாழ்வின் உண்மை. தோட்டத்தில் சட்டம் எப்போதும் ஒரு தாளாகவே வந்திருக்கிறது. கடனைக் காட்டித் தொழிலாளியைக் கட்டிவைத்த துண்டு 1921இல் ஒழிந்தது. அதன்பின் பிரசாவுரிமை விண்ணப்பம் வந்தது. அதன்பின் கடவுச்சீட்டு வந்தது.

‘நாமிருக்கும் நாடே’ என்னும் தலைப்பு பாரதியின் விடுதலைப் பாடலொன்றை நினைவூட்டுவது. வேலுப்பிள்ளையின் படிமத்தோடு இதனை ஒப்பிடின் ஒரு வளர்ச்சி தெரிகின்றது. முன்னது இறந்தோரைச் சான்றுக்கு அழைத்தது; பின்னது வாழ்வோரின் இருப்பையே சான்றாக முன்வைக்கிறது. முன்னோர் எங்கே பிறந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்ற வினாவிலிருந்து, நாம் இப்போது எங்கே இருக்கின்றோம், எங்கே உழைக்கின்றோம் என்ற நிலைக்கு எழுத்து நகர்ந்துள்ளது.

இவ்விடத்தில் விமரிசனம் தயங்காது கூறவேண்டிய ஒன்றுண்டு. மலையக எழுத்தின் பெரும்பகுதி சட்டத்தின் வினாவை ஏற்றுக்கொண்டே அதற்கு விடை தேடியது. மண்ணோடு எமக்கு உறவுண்டு, எம் முன்னோரின் குருதி இம்மண்ணிற் கலந்துள்ளது எனக் கூறுவது உணர்ச்சிமிக்க விடையேயாயினும், உரிமை மண்ணிலிருந்தும் குருதியிலிருந்தும் பிறக்கின்றது என்ற எதிர்த்தரப்பின் எடுகோளை அது பகிர்ந்துகொள்கிறது. அதே எடுகோளின்படி கண்டிய விவசாயியும் தனது குருதியைக் காட்டக்கூடும். இருவரும் தத்தம் புதைகுழிகளைக் காட்டி வாதிடும்போது, நிலத்தின் உடைமையாளன் வாதத்தின் வெளியே பாதுகாப்பாக நிற்கிறான். பரம்பரையிலிருந்தன்றி உழைப்பிலிருந்தும் வாழ்விலிருந்தும் உரிமையைக் கோரும் குரலே இவ்விருவரையும் ஓரணியிற் சேர்க்கவல்லது. தெளிவத்தை ஜோசப்பின் தலைப்பில் அக்குரலின் தொடக்கம் உண்டு. அதன் முழு வளர்ச்சியை மலையகப் புனைகதையில் நாம் இன்னும் எதிர்பார்த்தே நிற்கின்றோம்.

5

இக்குறைபாட்டை எழுத்தாளர்மீது மட்டும் சுமத்துதல் நேர்மையாகாது. அக்குரலை அரசியல் தளத்தில் வளர்த்திருக்க வேண்டியவர்கள் இடதுசாரிகள். 1948இல் எதிர்த்து வாக்களித்த லங்கா சமசமாஜக் கட்சி 1964 ஜூனில் கூட்டரசாங்கத்திற் சேர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 975,000 மக்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளாலும் சமமாகப் பகிர்ந்துகொள்ளப்பட்டனர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் சுமார் 237,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பிற் செய்யப்பட்டு, சுமார் 134,000 பேருக்கே பிரசாவுரிமை கிட்டியிருந்தது. இந்நிலையில் மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்ட உடன்படிக்கையை, அன்று எதிர்த்தோர் அரசாங்கத்திலிருந்தே ஏற்றனர். இரு நாடுகள் ஒத்துழைத்தன. ஆளும் கூட்டணியிலுள்ள கட்சிகளும் ஒத்துழைத்தன. பங்கிடப்பட்டோரும் அவர்தம் பிரதிநிதிகளும் அவ்வொத்துழைப்பில் இடம்பெறவில்லை. மார்க்சியத் திறனாய்வாளர் இதனை விலக்கிவிட்டு மலையக இலக்கியத்தில் வர்க்கப் பிரக்ஞை குறைவு எனக் குறைகூறுவது பொருத்தமற்றது.

மறுபுறம், தொண்டமானின் பேரம்பேசும் அரசியல் நிகழ்ந்தது. 1977இல் அவர் மக்களால் மீண்டும் தெரிவாகி, மறு ஆண்டு அமைச்சரவையிற் சேர்ந்தார். அரசுடன் இணங்கி நின்று உரிமைகளைப் படிப்படியாகப் பெறுதல் அவரது வழி. அதனாற் பயன் விளையவில்லை எனக் கூறவியலாது. 1988இல் நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. அவர் மறைந்த பின்னர், 2003 ஒக்டோபரில் 35ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் அதனாற் பிரசைகளாயினர். வதிவை அடிப்படையாகக் கொண்ட இச்சட்டம் பரம்பரைக் கொள்கையிலிருந்து ஒரு விலகல். இலக்கியம் பல்லாண்டுகட்கு முன் தொட்ட இடத்துக்குச் சட்டம் வந்துசேர்ந்தது என்றும் கூறலாம். ஆயினும் ஒருமனத் தீர்மானத்தின் மகிழ்ச்சியில் ஒரு வினா மறைந்துவிடலாகாது. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அனைவரும் உடன்பட முடிந்தமைக்குக் காரணம் மனமாற்றம் மட்டுமா? ஐந்து இலட்சத்தை அண்டிய மக்கள் கப்பலேறிய பின்னர், எஞ்சியோரின் வாக்கு சபையின் சமநிலையை முன்போல மாற்றவல்லதாக இருக்கவில்லை என்பதும் ஒரு காரணமன்றோ?

6

வாக்குரிமை மீண்டபின் தோட்டத்தின் எல்லை அகன்றுவிட்டதா? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக அமைந்தது. 2018இலேயே அதன் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. அதுவரை பிரதேச சபைக்கு வாக்களித்த தொழிலாளி, தன் லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடுமாறு அச்சபையைக் கேட்க இயலாதவராகவே இருந்தார். 1930களின் கிராமசபைத் திருத்தத்தின் நிழல் இத்துணை நீண்டது.

2014 செப்டெம்பர் 20ஆந் திகதி ஊவா மாகாண சபைத் தேர்தல் நடைபெற்றது. தோட்டத் தொழிலாளரின் வாக்கை நாடி எல்லாக் கட்சிகளும் மலையேறின. ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே புதையுண்டோர் பிரசைகள், வாக்காளர். அபாயம் குறித்து முன்னரே எச்சரிக்கை இருந்தது. ஆனால் வேறிடத்தில் வீடு கட்டுவதற்குத் தமக்கென ஒரு துண்டு நிலம் அவர்களிடம் இருக்கவில்லை. வேலுப்பிள்ளையின் கவிதையில் வந்த புதைகுழி இங்கு படிமமாக அன்றி நேர்ப்பொருளிலேயே திரும்பி வந்தது. வாக்கை மீட்டளித்த சட்டவாக்கம் நில உறவைத் தொடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மாகாண சபையின் வரலாறு நமது முதல் வினாவுக்கே நம்மை இட்டுச் செல்கிறது. 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் திருத்த மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. பெண்களுக்கு வேட்பாளர் பட்டியலில் இடம் ஒதுக்குவதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டிருந்தது. குழுநிலையில் விரிவான திருத்தங்கள் புகுத்தப்பட்டுத் தேர்தல் முறையே மாற்றப்பட்டது. ஏட்டுச் சுவடி ஆராய்ச்சியாளர் பாடபேதம் எனக் கூறும் சொல் இங்கு பொருந்தும்: உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட பாடம் ஒன்று, நிறைவேறிய பாடம் மற்றொன்று. எதிரணியினர் இதனை அநீதி என்றனர். அவர்தம் கூற்றில் உண்மை இருந்தது. ஆனால் 2018 ஆகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது 139 பேர் எதிர்த்து வாக்களித்தனர். ஆதரித்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. சமர்ப்பித்த அமைச்சரும் எதிர்த்தோருள் ஒருவர். பழைய முறை நீங்கியது. புதிய முறை நடைமுறைக்கு வரவில்லை. 2019இல் ஊவா மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை மாகாண சபையின் பொறுப்பிலுள்ளவை என்பதை நினைவுகூரின் இதனால் யாருக்கு இழப்பு என்பது விளங்கும்.

1948இல் சபை பிளவுபட்டு நின்றபோதும் 2018இல் சபை ஒன்றுபட்டு நின்றபோதும் தோட்டப்புற மக்களின் பிரதிநிதித்துவம் குறைந்தது. ஆதலின் கட்சிகள் முரண்படுவதைத் தீமையெனவும் ஒத்துழைப்பதை நன்மையெனவும் பொதுவாகக் கூறும் நோக்கு போதாது. முரண்பாடோ ஒத்துழைப்போ எந்த வர்க்கத்தின் நலனைச் சுற்றி அமைகிறது, வினாவைத் தொடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பனவே அடிப்படையானவை. 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் ஆளுங்கட்சி வரிசைக்குத் தெரிவாகியுள்ளனர்; மலையகப் பெண்ணொருவர் ஊவாவிலிருந்து சபை சென்றமை குறிப்பிடத்தக்கது. ஆளுங்கட்சியின் ஒழுங்குக்கும் லயத்தின் தேவைக்கும் இடையே முரண் எழும்போது நிகழ்வதைக் கொண்டே இப்பிரதிநிதித்துவத்தின் தன்மை மதிப்பிடப்படும்.

இலக்கிய மாணவர்க்கு இதிலிருந்து பெறப்படும் பணி ஒன்றுண்டு. மலையக நாவல்களையும் கவிதைகளையும் பாராளுமன்ற விவாதப் பதிவேடுகளோடு அருகருகே வைத்து வாசிக்கும் ஆய்வு முறை நமது பல்கலைக்கழகங்களில் வளர்தல் வேண்டும். பதிவேடு, பேசியோரின் சொற்களைக் கொண்டது. நாவல், பேசவாராதோரின் வாழ்வைக் கொண்டது. இவ்விரண்டையும் பிரித்தே வாசித்தமையால் முன்னதை அரசியல் எனவும் பின்னதைத் துயரம் எனவும் கொண்டுவிட்டோம். துயரம் எனப் பெயரிட்டதால் வாதத்தைக் காணத் தவறினோம். கோகிலம் சுப்பையாவும் வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் இரக்கத்தை மட்டும் வேண்டி எழுதவில்லை. சபை கேளாது விட்ட சான்றை முன்வைத்தனர். அச்சான்றின் வலிமையை ஏற்று, அது எட்டாது நின்ற எல்லையையும் சுட்டி, உழைப்பின் பெயரால் உரிமை கோரும் எழுத்துக்கு வழிசமைப்பதே மலையக இலக்கிய விமரிசனத்தின் இன்றைய கடமையாகும்.